எதிர்வீட்டு அட்டை

ஜூஹாய்
12 மார்ச் 2018

சித்தப்பா தோங் குய்லின் அவர்களுக்கு,

இங்கு நானும் என் மனைவியும் நலம். கடிதம் என்றால் எதிராளியின் உடல்நலத்தை விசாரித்தாக வேண்டும் என்பதால் உங்களையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்ணை என் கைபேசியில் தடுத்துவைத்துப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதை விடுவிக்கும் எண்ணம் இல்லை. அதனால்தான் இந்தத் தாள்.

ஃபூஷுன் குடியிருப்புக் குழுவிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தனியாக வாழும் முதியவர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிடுகிறார்களாம். ஒவ்வொரு காலையும் ஒருவர் மற்றவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம். என் அப்பாவுக்கு இணை என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. எதிரெதிர்க் கதவு என்பதைத் தவிர வேறு என்ன தகுதி உங்களுக்கு?

அம்மாவின் இறுதி ஊர்வலத்தன்று என் ரயில் பனியில் பத்தொன்பது மணி நேரம் நின்றது. சவப்பெட்டியைத் தூக்கும் முன், இறந்தவருக்காகத் தாள் எரித்த மண்சட்டியைத் தரையில் அடித்து உடைக்க வேண்டியவன் ஒரே மகனான நான். நான் வந்து இறங்கியபோது வாசலில் ஓட்டுத்துண்டுகள்தான் கிடந்தன. உங்கள் மகன் ஹாய்போ உடைத்துவிட்டான். இன்னும் இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் போதும். பொறுக்க வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள். ஊரில் எல்லோரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள், நீங்கள் மறுக்கவும் இல்லை. அன்றிலிருந்து அப்பாவே உங்களோடு பேசுவதில்லை.

ஆகவே, குழுவிடம் சொல்லி உங்கள் பெயரை எடுத்துவிடச் செய்யுங்கள்.

தோங் ஜிங்யுவான்

ஃபூஷுன், பம்பு ஆலைக் குடியிருப்பு
27 மார்ச் 2018

டேய் ஜிங்யுவான்,

கடுதாசி வந்துச்சு. வாத்தியார் கையெழுத்து, அழகாத்தான் திட்டியிருக்க. எனக்கு முட்டி வலி, ரத்த அழுத்தம், பல்லு நாலு. கேட்டேல்ல, தெரிஞ்சுக்க.

நான் என்னமோ உங்கப்பன வேணும் வேணும்னு கேட்டு வாங்கின மாதிரி எழுதியிருக்க. எனக்கு எழுபத்தெட்டு, அவனுக்கு எண்பத்தொண்ணு. இந்த நாலாவது மாடியில மிச்சம் இருக்கிற கிழடு நாங்க ரெண்டு பேருதான். மத்த வீடெல்லாம் பூட்டு, இல்லேன்னா வாடகைக்கு வந்த சின்னப்பசங்க, பேருகூடத் தெரியாது. குழுப் பொம்பள வந்து, "உங்க அண்ணன்தானே, சேர்த்துட்டேன்"னு சொன்னா. "அண்ணனா? அப்படி ஒருத்தன் இருக்கானா?"ன்னு கேட்டேன். அவ சிரிச்சிட்டு எழுதிக்கிட்டா.

ஏற்பாடு இதுதான். ஆளுக்கு ஒரு அட்டை, கதவுல தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. காலையில எந்திரிச்சதும் பச்சைக்குத் திருப்பணும், ராத்திரி சிவப்பு. ஏழரைக்கும் எதிர் அட்டை சிவப்பா இருந்தா கதவத் தட்டணும். நான் கையால தட்ட மாட்டேன், சூப் கரண்டியால இடிப்பேன். மொத நாளு இடிச்சப்ப உள்ளருந்து, "யாருக்குடா சாவு?"ன்னு கத்தினான். "உனக்குத்தான், ஆனா இன்னிக்கு இல்ல போல"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பதினோரு வருஷத்துல பேசின மொதப் பேச்சு. அதுவும் பேச்சில்ல, கதவு வழியா விட்ட சத்தம்.

சட்டி விஷயத்த என்கிட்டக் கேக்காத. கேக்க வேண்டிய ஆளு எதிர்வீட்டுல இருக்கான்.

குய்லின்

ஜூஹாய்
15 ஏப்ரல் 2018

சித்தப்பா அவர்களுக்கு,

நலம். உங்கள் பற்கள் நான்கும் நீடிக்கட்டும்.

எண்பத்தொரு வயது மனிதரின் கதவைக் கரண்டியால் இடிப்பதை ஒரு வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "அவனா? அவனைப் பத்தி என்கிட்டப் பேசாதே" என்று வைத்துவிட்டார். எனக்கு அது போதும்.

குழுவுக்கு நானே எழுதிவிட்டேன். உங்களை நீக்கி, முறைப்படி பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்கிறேன்: இனி என் தந்தையின் கதவை நீங்கள் தொடக்கூடாது. தொட்டால் புகார் கொடுப்பேன். ஒரு குடும்பத்தின் துக்கத்தைத் திருடியவர் அதே குடும்பத்தின் காவலாளியாக வேடம் போடுவதை நான் அனுமதிக்க முடியாது.

ஜிங்யுவான்

ஃபூஷுன்
2 ஜூன் 2018

ஜிங்யுவானுக்கு,

உன் ஆசப்படி என்னைத் தூக்கிட்டாங்க. குழுவுல படிச்சுக் காட்டினாங்க நீ எழுதினத. "துக்கத்தைத் திருடியவர்"னு அந்தப் பொம்பள ரெண்டு தடவ படிச்சா, அவளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

புதுசா ஒருத்தி செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வர்றா. சிவப்பு மேல்சட்டை, முதுகுல 'அன்புக்கரம்'னு எழுதியிருக்கு. உங்கப்பன் கையில ஒரு பை ஆப்பிளக் குடுத்து, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிறா. அப்புறம் பச்சை அட்டையத் தனியா ஒரு படம். மூணு நிமிஷம், நான் கதவு ஓட்டை வழியாப் பாத்து எண்ணினேன். போன வாரம் உங்கப்பன் கேட்டான், "ஏம்மா, மத்த ஆறு நாளும் நான் சாகக்கூடாதா?" அவ, "தாத்தா ரொம்ப நகைச்சுவையாப் பேசறீங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

எனக்கு இணையும் போச்சு. அத நீ யோசிச்சிருக்க மாட்ட. அந்த ஏற்பாடு ரெண்டு பக்கத்துக்கும்தானே? அவன் என் அட்டையப் பாக்கணும்ல? என் மகன் ஜாம்பியாவுல ரோடு போடறான், உன் சித்தி போயி ஆறு வருஷம். பரவால்ல. குழுவுல, "உங்களுக்கும் ஏற்பாடு பண்றோம் தாத்தா"ன்னு சொல்லியிருக்காங்க.

அட்டைய இன்னும் தினமும் திருப்பறேன். அவனும் திருப்பறான். நீ கதவத் தொடத்தான் தடை போட்ட, அட்டையப் பாக்கத் தடை போடல.

குய்லின்

ஃபூஷுன்
9 நவம்பர் 2018

ஜிங்யுவானுக்கு,

நீ வந்த, மூணு நாள் இருந்த, உங்கப்பனத் தூக்கிட்டுப் போயிட்ட. என் கதவத் தட்டல. தட்டாம இருந்ததும் நல்லதுதான், வீடு குப்பையாக் கிடந்துச்சு. ஆனா போறப்ப மாடிப்படியில நின்னு, "பூட்டை உடைத்ததற்குக் கணக்குக் கேட்பேன்"னு கத்தின பாரு, அதுக்கு பதில் சொல்லணும்ல.

உங்கப்பன் ஒரு ஏமாத்துக்காரன். நான் கரண்டியோட வந்து நிக்கக்கூடாதுன்னு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியே அட்டையப் பச்சைக்குத் திருப்பிட்டுப் படுத்துடுவான். மொத மாசமே எனக்குத் தெரியும். அதனால நான் அட்டைய நம்பறதில்ல. அஞ்சரைக்கு அவன் இருமுவான். மூணு இருமல், ஒரு காறல். அப்புறம் ரேடியோ. கதவுதான் எதிரெதிர், உள்ள ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒத்தச் செங்கல் சுவரு, எல்லாம் கேக்கும்.

அன்னிக்குச் செவ்வாக்கிழமை, அஞ்சரைக்கு இருமல் இல்ல. ஆறுக்கு இல்ல. ரேடியோ இல்ல. அட்டை பச்சையாத் தொங்குது. கரண்டிய எடுத்தேன். உன் கடுதாசி மேசையில இருந்துச்சு. 'தொடக்கூடாது'ன்னு இருந்தத எடுத்து இன்னொரு தடவ படிச்சேன். கரண்டிய வெச்சுட்டேன். சரி, வாத்தியார் சொல்லிட்டாரு, கிடக்கட்டும்னு ஒரு வீம்பு.

எட்டு மணிக்கு அன்புக்கரம் வந்தா. "இருமல் கேக்கல, கதவத் திறக்கச் சொல்லும்மா"ன்னேன். "அட்டை பச்சையா இருக்கே தாத்தா, தூங்கட்டும்"னு படம் எடுத்துக்கிட்டு, ஆப்பிள வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டா.

ஒம்பது மணிக்குக் கடப்பாறைய எடுத்தேன். குளியலறையில கிடந்தான், இடுப்பு உடைஞ்சு. என்னப் பாத்ததும், "மூணரை மணி நேரமாடா யோசிச்ச?"ன்னான். உள்ளருந்து எண்ணிக்கிட்டே கிடந்திருக்கான்.

மூணரை மணி நேரம். அதுக்கு நீ கணக்குக் கேளு, நான் குடுக்கறேன். பூட்டுக்குக் கேக்காத.

குய்லின்

ஜூஹாய்
30 நவம்பர் 2018

சித்தப்பா அவர்களுக்கு,

அப்பா என்னுடன் இருக்கிறார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடக்கிறார். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவே.

மூன்றரை மணி நேரம் நீங்கள் வீம்பு பிடித்ததற்கு என் கடிதத்தைக் காரணம் காட்டுகிறீர்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் இரண்டு மணி நேரம் பொறுக்கத் தெரியாதவருக்கு இப்போது எங்கிருந்து வந்தது அவ்வளவு பொறுமை?

என் வீடு பன்னிரண்டாவது மாடி. மின்தூக்கி, தென்கடல் காற்று, வெந்நீர் எல்லாம் உண்டு. அப்பா செய்த முதல் வேலை, அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு பக்கம் சிவப்பு மை தீட்டிக் கதவில் தொங்கவிட்டது. மறுநாளே கட்டட நிர்வாகி வந்து, அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துப்போனார். அப்பா இன்னொன்று செய்தார். அதையும் எடுத்தார்கள். இப்போது கதவின் உட்பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறார். காலையில் திருப்பிவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஜிங்யுவான்

ஃபூஷுன்
22 டிசம்பர் 2018

ஜிங்யுவானுக்கு,

எழுத வேண்டாம்னு நீ சொன்னது உனக்கு. எனக்குச் சொல்ல நீ யாரு?

குளிர் மைனஸ் இருபத்திரண்டு. மாடிப்படியில ரெண்டு முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி இருக்கு, ஒண்ணு என்னுது, ஒண்ணு உங்கப்பனுது. அவனுது பொங்கி வழியுது, நான் கல்லு வெச்சு அமுக்கியிருக்கேன். அவன்கிட்டச் சொல்லாத, எடுத்துத் தின்னுட்டேன்னு நெனைப்பான். கொஞ்சம் தின்னுட்டேன்.

குழுவுல எனக்கு இணை போடறது புத்தாண்டு வசந்த விழா கழிச்சுன்னுட்டாங்க. கீழ்வீட்டம்மாவைப் போடலாம்னு பாத்தாங்க, அதுக்கு நாலு மாடி ஏற முட்டி இல்ல. இணைன்னு வந்தா அவசரத்துக்கு யாருக்குச் சொல்லணும்னு ஒரு தாள் நிரப்பச் சொன்னாங்க. நிரப்பிட்டேன்.

உனக்கு நாலு விஷயம் சொல்றேன். அஞ்சரைக்கு இருமல் வருதான்னு கேளு. அட்டைய நம்பாத. ரேடியோவச் சத்தமா வெச்சா திட்டாத. அட்டையத் திருப்பிட்டு உன்னப் பாக்கறான்னா, நீ ஏதாவது வம்பு பேசணும்னு அர்த்தம். "இன்னுமா இருக்க?"ன்னு கேளு. அது போதும் அவனுக்கு.

மார்ச்சு மாசம் எழுதினப்ப 'நானும் என் மனைவியும்'னு எழுதின. அப்புறம் வெறும் 'நலம்'. இப்ப அதுவும் இல்ல. நான் லேத்துல முப்பது வருஷம் நின்னவன், நூலளவு குறைஞ்சாலும் கண்ணுல படும். நான் ஒண்ணும் கேக்கல.

குய்லின்

ஜூஹாய்
3 பிப்ரவரி 2019

டேய் குய்லின்,

நான்தான், குய்ஷான். அண்ணன் எழுதிட்டான்னு மாடி மாடியா ஏறிப் பெருமையடிக்காத. பையன் கடைக்குப் போயிருக்கான், அதனால எழுதறேன்.

இடுப்பு பரவாயில்ல. இங்க கதவத் தட்டினா ஆள் வர மாட்டாங்க, கதவுல இருக்கிற பெட்டி பேசுது. எதிர்வீட்டுல இருக்கிறவன் முகத்த மூணு மாசமாப் பாக்கல. திட்டறதுக்கு ஒரு நாதி இல்ல. பையனத் திட்டினா அறைக்குள்ள போயிடறான்.

மருமக இங்க இல்லடா. குளியலறையில ஒத்தப் பல் பிரஷ்தான் இருந்துச்சு. அவனா சொல்லல, நானும் கேக்கல. நம்ம வீட்டு வழக்கம்.

அந்த விஷயத்த அவன்கிட்டச் சொல்லிடறேன். நீ அன்னிலேருந்து கேட்டது அதுதானே. சொல்லிட்டு மூணாம் மாசம் கிளம்பி வர்றேன். அதுவரைக்கும் செத்துத் தொலையாத. என் ஜாடியத் தொடாத.

உன் அட்டைய யாரு பாக்கறாங்க?

குய்ஷான்

ஜாம்பியா, பணியாளர் முகாம்
6 மார்ச் 2019

ஜிங்யுவான் அண்ணனுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை கூசுகிறது. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

விடுப்பு வாங்கி, மூன்று விமானம் மாறி வந்தேன். வாசலில் இறங்கியபோது ஓட்டுத்துண்டுகள் கிடந்தன. பெட்டி தகனக்கூடத்துக்குப் போயிருந்தது. என் அப்பாவுக்கு நீ சட்டி உடைத்திருக்கிறாய். பதினோரு மணி நேரம், அவ்வளவுதான் நான் தாமதம்.

நீ யார் அவருக்கு? வருஷக்கணக்கில் பேசாதவன், கதவைத் தொடாதே என்று எழுதியவன். அந்தக் கடிதங்களை மேசை இழுப்பறையில் பார்த்தேன், எல்லாவற்றையும் அடுக்கி நூல் கட்டி வைத்திருந்தார். உன் அம்மாவுக்கு நான் உடைத்ததற்கு என்னைப் பழி தீர்த்தாயா? அன்று எனக்கு இருபத்தாறு வயது. என் கையில் கொடுத்தார்கள், உடைத்தேன். அதற்காக என் அப்பாவை வாழ்நாள் முழுவதும் திருடன் என்றாய்.

தகனக்கூடத்தில் உன்னோடு பேசாமல் திரும்பியது, பேசினால் அடித்துவிடுவேன் என்றுதான். சாவியைக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ ஏன் காத்திருக்கவில்லை?

ஹாய்போ

ஃபூஷுன், பம்பு ஆலைக் குடியிருப்பு
24 மார்ச் 2019

ஹாய்போவுக்கு,

நலமாக இரு. இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை, அதற்காக உன்னைப் பிடித்துவிட்டது என்றும் அர்த்தமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி 12 அன்று குழுவிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. விழா விடுமுறை முடிந்து அவருக்கும் ஆப்பிள் கொடுக்க வந்த பெண் பார்த்திருக்கிறாள். சித்தப்பா இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர் அட்டை சிவப்பாகவே தொங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவைப் போல அவர் ஏமாற்றவில்லை. சரியாகத்தான் அறிவித்திருக்கிறார். எதிர்வீட்டில் பார்க்க ஆள் இல்லை. அந்த வீட்டைக் காலி செய்தவன் நான்.

எனக்கு ஏன் தொலைபேசி வந்தது என்று கேட்டேன். அவர் நிரப்பிய தாளைக் காட்டினார்கள். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் முதலில் உன் பெயர், 'தூரம்' என்று பக்கத்தில். அடுத்து என் பெயர், என் எண். அவர் அழைத்தால் ஒலிக்காத எண்.

கீழே தபால்பெட்டியில் என் அப்பா அவருக்கு எழுதிய கடிதம் பிரிக்காமல் கிடந்தது. விழா நாட்களில் தபால் தாமதம். அதைச் சவப்பெட்டிக்குள் அவர் கையருகில் வைத்துவிட்டேன். படித்த பிறகுதான் வைத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி உன் கேள்வி. சட்டியை என் கையில் கொடுத்தார்கள். நான், "ஹாய்போ வந்துகொண்டிருக்கிறான், காத்திருப்போம்" என்றேன். நம்பாவிட்டால் போ. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்ற என் அப்பா, "உடைடா" என்றார்.

"அவன் வரட்டும், அரை நாள்தானே."

"உன் சித்தப்பனும் அன்னிக்கு இதையேதான் சொன்னான். 'ரெண்டு மணி நேரம் பொறு அண்ணே, பையன் வந்துடுவான்'னு காலைப் பிடிச்சான். நான்தான் கேக்கல. ஹாய்போ கையில சட்டியத் திணிச்சது நான்."

"ஏன்?"

"நீ வர மாட்டேன்னு நெனைச்சேன். அவ படுக்கையில கிடந்த எட்டு மாசத்துல நீ ஒரு தடவதானே வந்த."

ஊரார் சித்தப்பாவைப் பழி சொன்னபோது அப்பா பேசாமல் இருந்திருக்கிறார். சித்தப்பாவும் காட்டிக்கொடுக்கவில்லை. "பையன்கிட்ட நீயே சொல்லு, சொல்ற வரைக்கும் என் மூஞ்சியில முழிக்காத" என்றாராம். அதுதான் அவர்கள் சண்டை. எனக்காகத்தான் அப்பா அவரோடு பேசவில்லை என்று இத்தனை வருடம் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சட்டி முதல் அடியிலேயே உடைந்தது. உன் அப்பா பதினொரு ஆண்டுகள் தன் தலையில் வாங்கிக்கொண்டதற்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நீ என்னைத் திருடன் என்று சொல்லலாம். நானும் மறுக்கப்போவதில்லை.

அப்பா ஜூஹாய்க்குத் திரும்ப மறுத்துவிட்டார். நான்கு மாடியும் முதுகில் சுமந்து ஏற்றினேன். கல்லூரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே எனக்காகக் காத்திருப்பவர் யாரும் இல்லை, இதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை. ஆனால் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது. அவரோடு பேசவும் இல்லை. உன் சாவியைக் குழுவிடமிருந்து வாங்கி எதிர்வீட்டில் இருக்கிறேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் எழுது, அன்றே வெளியேறுகிறேன்.

கதவில் உன் அப்பாவின் அட்டைதான் தொங்குகிறது. கரண்டி அடுப்படியில் ஆணியில் இருந்தது. ஐந்தரைக்குச் சுவர் வழியாக மூன்று இருமல், ஒரு காறல். நேற்று முன்தினம் வரவில்லை. கரண்டியால் இடித்தேன். "இருமல் நின்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், போடா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதுதான் இந்த மாதம் நாங்கள் பேசிய ஒரே பேச்சு.

என் அட்டையை அவர் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. அதனால் இன்று காலை வேண்டுமென்றே சிவப்பிலேயே விட்டுவிட்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு முப்பத்தொன்றுக்கு, நடைச்சட்டத்தின் காலால் இடித்தார் போலும், கதவே அதிர்ந்தது.

ஜிங்யுவான்